வெள்ளி மூக்கும் தங்க மூக்கும்: உடலுக்குள் வைக்கும் பொருளின் வரலாறு

அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) என்னும் நபித்தோழரின் செய்தியை நம்மில் பலர் பயான்களில் கேட்டிருப்போம். அறியாமைக் காலத்தில் குலாப் என்னுமிடத்தில் நடந்த போரில் அவர் தம் மூக்கை இழந்தார். அதற்கு மாற்றாக வெள்ளியில் ஒரு மூக்கைச் செய்து பொருத்திக்கொண்டார். அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்குக் கூறினார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய தொகுப்புகளில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும், தேவை ஏற்படும்போது மருத்துவத்துக்காக அதைப் பயன்படுத்தலாம் என்பதற்கு மார்க்க அறிஞர்கள் இதைச் சான்றாகக் காட்டுவர். ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் கட்டிக்கொள்வது பற்றிய பேச்சிலும் இது இடம்பெறும். மருத்துவ வரலாற்றைப் படிப்பவருக்கோ அதே செய்தியில் இன்னொன்றும் தெரிகிறது. மனித உடலில் பொருத்தப்பட்ட ஓர் அந்நியப் பொருள் கெட்டது, கெட்டதை மறைக்காமல் சொன்னார்கள், பொருள் மாற்றப்பட்டது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்குப் பின்னும் அறுவை மருத்துவம் அதே சிக்கலோடுதான் போராடுகிறது.

இன்று இத்தகைய பொருள் ஏதேனும் ஒன்று நுழையாத குடும்பம் குறைவு. முழங்கால் தேய்ந்து நாற்காலியில் அமர்ந்து தொழும் உம்மம்மாவுக்குச் செயற்கை மூட்டு வைக்கிறோம். வாப்பாவின் நெஞ்சுத் தோலுக்கடியில் பேஸ்மேக்கர் துடிக்கிறது. சிறுநீர் அடைத்துக்கொண்ட பெரியவருக்குக் குழாய் செருகிப் பை மாட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இவற்றில் கிருமி படியாதிருக்க, மேற்பரப்பில் மிக மெல்லிய பூச்சு ஒன்றைப் பூசும் கலை கடந்த ஐம்பது ஆண்டுகளில் வளர்ந்தது. அப்பூச்சுகளில் பெரும்புகழ் பெற்றது வெள்ளி. அந்தப் புகழ் எங்கிருந்து வந்தது, எங்கே பலித்தது, எங்கே பொய்த்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குர்துபாவின் அறுவை மருத்துவர்

அந்தலூசியாவின் குர்துபா நகருக்கு அருகில் உள்ள அஸ்ஸஹ்ராவில் வாழ்ந்தவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. 1013 அளவில் மறைந்த அவர் எழுதிய 'அத்தஸ்ரீஃப்' 30 பகுதிகளைக் கொண்ட பெருநூல். அதன் இறுதிப் பகுதி முழுவதும் அறுவை மருத்துவம். கருவிகளைப் படம் வரைந்து விளக்கிய அந்தப் பகுதி 12ஆம் நூற்றாண்டில் இலத்தீன் மொழிக்குச் சென்று, ஐரோப்பிய மருத்துவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பாடநூலாக இருந்தது.

சிறுநீர் அடைத்துக்கொண்டவருக்கு வெள்ளியால் செய்த மெல்லிய, வழவழப்பான, உள்ளீடற்ற குழாயைச் செருகும் முறையை அவர் விவரிக்கிறார். குடல் கிழிந்தால் விலங்கின் குடலிலிருந்து உரித்தெடுத்த நுண்ணிய இழையால் தைக்கலாம் என்கிறார். ஆடும் பற்களைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டும் பாடத்தில் அவர் தரும் அறிவுரை நம் கவனத்துக்கு உரியது. கம்பி தங்கத்தில் இருப்பதே நல்லது. வெள்ளி சில நாட்களில் பச்சை பூத்துக் கெட்டுவிடும். தங்கமோ மாறாதிருக்கும் என்பது அவர் கருத்து.

ஒரே மருத்துவர் ஒரே உலோகத்தை ஓரிடத்தில் ஏற்கிறார், மற்றோரிடத்தில் மறுக்கிறார். இதில் முரண் இல்லை. சிறுநீர்க் குழாய் உள்ளே போய், வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடும். பல்லைக் கட்டிய கம்பியோ எச்சில் நனையும் இடத்தில் மாதக்கணக்கில் தங்கும். ஒரு பொருள் உடலில் எவ்வளவு காலம் இருக்கும், எந்தத் திசுவைத் தொடும் என்ற இரண்டு கேள்விகளை அவர் அனுபவத்தால் கேட்டிருக்கிறார். பின்வந்த காலம் இக்கேள்விகளை மறந்தபோதெல்லாம் நோயாளிகள் அதற்கு விலை கொடுத்தார்கள்.

வெள்ளியின் புகழ்

வெள்ளிப் பாத்திரத்தில் வைத்த நீர் கெடாது என்ற எண்ணம் மிகப் பழையது. பாரசீக மன்னர் சைரஸ் பயணம் செல்லும்போது கோவாஸ்பெஸ் ஆற்று நீரைக் காய்ச்சி வெள்ளிக் கலங்களில் எடுத்துச் சென்றதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். ஆயினும் அறுவை மருத்துவத்தில் வெள்ளியின் புகழை நிலைநாட்டியது 19ஆம் நூற்றாண்டு. அந்தக் கதையின் தொடக்கம் துயரமானது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் இருந்தார். பிரசவத்தின்போது சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே கிழிசல் ஏற்பட்டு, ஓயாமல் சிறுநீர் கசியும் பெண்களுக்கு அவர் அறுவை செய்து பார்த்தார். அவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள். அனார்ச்சா, லூசி, பெட்ஸி ஆகிய மூவரின் பெயர்கள் பதிவில் உள்ளன. மயக்க மருந்தின்றி, மறுக்கும் உரிமையுமின்றி அவர்கள் மீண்டும் மீண்டும் கத்திக்கு உள்ளானார்கள். பட்டு நூலால் போட்ட தையல்கள் சீழ் பிடித்துத் தோற்றன. 1849இல் வெள்ளிக் கம்பியால் தைத்தபோது புண் ஆறியது. அனார்ச்சாவுக்கு அது 30ஆவது அறுவை. வெள்ளித் தையலின் பெருமை சிம்ஸுக்குப் போயிற்று. அதன் வலியைச் சுமந்த பெண்களை உலகம் நினைக்கத் தொடங்கியது மிக அண்மைக் காலத்தில்தான்.

1880இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர மகப்பேறு மருத்துவமனையில் கார்ல் கிரெடே என்ற மருத்துவர் பிறந்த குழந்தைகளின் கண்களில் சில்வர் நைட்ரேட் கரைசலைத் துளியளவு விடத் தொடங்கினார். தாயின் மேகநோய்க் கிருமி பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணில் தொற்றிப் பார்வையைப் பறிக்கும் காலம் அது. அவர் மருத்துவமனையில் ஏறத்தாழ பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு வந்துகொண்டிருந்த அந்நோய், நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. நாடு நாடாக அம்முறை பரவியது.

1893இல் வெளிவந்த ஆய்வொன்று இதற்கு அறிவியல் தோற்றம் கொடுத்தது. கார்ல் நேகெலி என்ற சுவிஸ் தாவரவியலாளரின் அவ்வாய்வு அவர் மறைந்த பின் அச்சேறியது. நீரில் கரைந்த மிகமிகச் சிறிதளவு செம்பும் வெள்ளியும் பாசி போன்ற நுண்ணுயிர்களைக் கொல்கின்றன என்று அது காட்டியது.

கொல்வது எது? கட்டியாக இருக்கும் வெள்ளி அன்று. அதன் மேற்பரப்பிலிருந்து ஈரத்தில் பிரியும் மின்னூட்டம் பெற்ற அணுக்களே, அதாவது வெள்ளி அயனிகளே கொல்கின்றன. அவை கிருமியின் புரதங்களில் உள்ள கந்தகத்தோடு பிணைந்து, அதன் உறையைச் சிதைத்து, நொதிகளை முடக்குகின்றன. சில்வர் நைட்ரேட் கரைசலில் அயனிகள் ஏராளம். வழவழப்பான வெள்ளித் தகட்டிலிருந்து பிரிபவையோ மிகக் குறைவு. பிரியும் சிலவற்றையும் உடல் திரவத்தில் உள்ள உப்பும் புரதமும் பிடித்துக்கொள்ளும். வியர்வையிலும் காற்றிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். நம் வீட்டு வெள்ளிக் கொலுசு கறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வெள்ளியால் ஆனது என்பதனாலேயே ஒரு பொருளில் கிருமி அண்டாது என்று கருதுவது தவறு. அர்ஃபஜா (ரலி) அவர்களின் அனுபவம் அதற்கு ஒரு பழஞ்சான்று.

ஒரு நூலிழை செய்யும் வேறுபாடு

உடலுக்குள் வைத்த பொருள் ஏன் இவ்வளவு எளிதில் கிருமிக்கு இடம் கொடுக்கிறது? 1957இல் எலெக், கோனன் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டனில் இதை அளந்தனர். தாமே முன்வந்தவர்களின் தோலுக்குள் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகளைச் செலுத்திப் பார்த்தனர். சீழ்க்கட்டி உண்டாகப் பல இலட்சக்கணக்கான கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் இழை இருந்தால் சில நூறு கிருமிகளே போதுமானவையாக இருந்தன. ஒரு நூலிழை உடலின் காவலை ஆயிரக்கணக்கான மடங்கு தளர்த்திவிட்டது.

இதன் காரணம் பின்னர் விளங்கியது. கிருமிகள் தனித்தனியே மிதப்பதைவிட ஒரு பரப்பில் ஒட்டிக்கொள்வதையே விரும்புகின்றன. ஒட்டியபின் பிசின் போன்ற ஒன்றைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழ்கின்றன. குளத்துப் படிக்கட்டில் வழுக்கும் பாசிப் பூச்சைப் போன்ற இதற்கு நுண்ணுயிர்ப் படலம் என்று பெயர். அதற்குள் புகுந்த கிருமியை இரத்த வெள்ளணுக்கள் எட்டுவது கடினம். மருந்தும் முழு வேகத்தில் வேலை செய்யாது. கனடாவில் பணியாற்றிய வில்லியம் காஸ்டர்ட்டன் 1970களிலிருந்து இப்படலத்தை ஆராய்ந்தார். 1982இல் அவரும் உடன் ஆய்வாளர்களும், தொற்று ஏற்பட்ட ஒரு பேஸ்மேக்கர் கம்பியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். கம்பி முழுவதும் தடித்த படலம். ஊசி மருந்து ஏற்றியும் அந்நோயாளியின் தொற்று திரும்பத் திரும்ப வந்ததன் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. பல நேரங்களில் பொருளை வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

அமெரிக்க எலும்பு மருத்துவர் ஆந்தனி கிரிஸ்டினா 1987இல் இதை ஓர் ஓட்டப்பந்தயமாக விளக்கினார். உடலுக்குள் வைத்த பொருளின் பரப்பை நோக்கி ஒருபுறம் நம் உயிரணுக்கள் ஓடுகின்றன. மறுபுறம் கிருமிகள் ஓடுகின்றன. முந்துபவர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். உயிரணுக்கள் முந்தினால் பொருள் உடலோடு ஒன்றிவிடும். கிருமிகள் முந்தினால் படலம் கட்டிவிடும்.

பூச்சு செய்பவர்களின் முழு முயற்சியும் இந்தப் பந்தயத்தில் கிருமியைத் தடுத்து நிறுத்துவதே. அதில் மறைந்துள்ள இடரும் இதுவே. கிருமியை நிறுத்தும் தடை நம் உயிரணுவையும் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

சிமெண்டில் கலந்த மருந்து

1962 நவம்பரில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, உலோகப் பந்தும் பாலிஎத்திலீன் கிண்ணமும் கொண்ட இடுப்பு மூட்டைப் பொருத்தத் தொடங்கினார். இன்றைய மூட்டு மாற்று அறுவைக்கு அதுவே அடித்தளம். அவருடைய தொடக்க நோயாளிகளில் நூற்றில் ஏழு பேருக்கு ஆழமான தொற்று ஏற்பட்டது. அவர் அறுவை அரங்கின் காற்றைச் சந்தேகித்தார். வடிகட்டிய காற்று ஓடும் தனி அறையை அமைத்தார். மருத்துவர்களின் உடையை மாற்றினார். தொற்று நூற்றில் ஒன்றுக்கும் கீழே குறைந்தது.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹான்ஸ் வில்ஹெல்ம் புக்ஹோல்ட்ஸ் வேறு வழியைப் பிடித்தார். மூட்டை எலும்போடு ஒட்டும் சிமெண்டுக்குள்ளேயே ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலந்தார். சிமெண்ட் இறுகும்போது எழும் வெப்பத்தை அம்மருந்து தாங்கும். 1970இல் அவர் இதை வெளியிட்டார். இரத்தத்தின் வழியே சுற்றி வர வேண்டிய மருந்து, தேவைப்படும் இடத்திலேயே கசிய ஆரம்பித்தது. உடலில் வைக்கும் பொருளே மருந்தையும் சுமக்கலாம் என்ற எண்ணம் இதனால் வேரூன்றியது. இன்றும் உலகின் பல நாடுகளில் இச்சிமெண்ட் வழக்கத்தில் உள்ளது.

அதே காலத்தில் வெள்ளியும் திரும்பி வந்தது. 1968இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஃபாக்ஸ், தீப்புண்களுக்காகச் சில்வர் சல்ஃபடயசின் களிம்பை அறிமுகப்படுத்தினார். தீக்காயம் பட்டவர்களுக்கு இன்றும் பூசப்படும் வெண்ணிறக் களிம்பு அதுவே. ஆயினும் வெள்ளிக்கும் கிருமிகள் பழகிக்கொள்ள முடியும் என்ற எச்சரிக்கை 1975இலேயே வந்துவிட்டது. பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் சில்வர் நைட்ரேட்டுக்கு மடியாத சால்மொனெல்லா கிருமி தோன்றி உயிர்களைப் பறித்தது.

வால்வும் வெள்ளிப் படலமும்

1990களுக்குள் பொறியியல் ஒரு புதிய திறனைத் தந்தது. காற்று நீக்கிய கலத்துக்குள் வெள்ளியை ஆவியாக்கி, அதே வேளையில் அயனிக் கற்றையைப் பாய்ச்சி, துணியிழைகளின்மீதும் உரிந்து வராதபடி வெள்ளியை மென்படலமாகப் படியச் செய்ய முடிந்தது. மனித முடியின் தடிமனில் சிறு பங்கே கொண்ட படலம். கட்டியான வெள்ளி தேவையில்லை, பரப்பு மட்டுமே வேலை செய்கிறது என்ற உண்மைக்கு ஏற்ற நுட்பம் அது.

செயற்கை இதய வால்வில் இதைப் பயன்படுத்தும் ஆசை இயல்பானதே. வால்வைச் சுற்றிப் பாலியெஸ்டர் துணியால் ஆன தையல் வளையம் உண்டு. அதன் வழியேதான் வால்வை இதயத்தோடு தைப்பார்கள். அத்துணியில் கிருமி குடியேறினால் இதயத்தின் உட்சுவரே அழலும், உயிருக்கு ஆபத்து. செயின்ட் ஜூட் மெடிக்கல் என்ற அமெரிக்க நிறுவனம் தன் புகழ்பெற்ற வால்வின் தையல் வளையத்துக்கு வெள்ளிப் படலம் பூசி, 'சில்சோன்' என்ற பெயரில் 1997இல் ஐரோப்பாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1998இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. உலகெங்கும் ஏறத்தாழ 36,000 வால்வுகள் பொருத்தப்பட்டன.

வெள்ளி பூசியதும் பூசாததும் உண்மையில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை மனிதரில் ஒப்பிடும் பெரிய ஆய்வு, விற்பனை தொடங்கிய பின்னரே, 1998இல் ஆரம்பமானது. 4,400 நோயாளிகளைச் சேர்ப்பது திட்டம். 807 பேரைச் சேர்த்த நிலையில், 2000 ஜனவரியில் ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. நிறுவனம் வால்வைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. வெள்ளி பூசிய வால்வைப் பெற்றவர்களில் கூடுதலானோருக்கு, வால்வுக்கும் இதயச் சுவருக்கும் இடையே இரத்தம் கசிந்தது. அவர்களில் சிலருக்கு மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டியிருந்தது. தொற்று குறைந்ததற்கும் சான்று கிடைக்கவில்லை.

நடந்தது என்ன? அறுவைக்குப் பின் வளையத்துத் துணியின்மேல் உடலின் திசு வளர்ந்து மூடிக்கொள்ள வேண்டும். அந்தத் திசுவே தையலுக்கு நிலையான பிடிப்பு. கிருமியைக் கொல்ல வைத்த வெள்ளி, திசுவை வளர்க்கும் உயிரணுக்களையும் சிலரிடத்தில் தடுத்துவிட்டது என்பதே ஆய்வாளர்கள் கண்ட விளக்கம். கிரிஸ்டினாவின் ஓட்டப்பந்தயத்தில் இருவர் கால்களையும் ஒரே கயிற்றால் கட்டிய கதையாயிற்று.

பொருத்திக்கொண்ட பெரும்பாலோருக்கு வால்வு ஒழுங்காகவே இயங்கியது. அதனால், நல்ல நிலையில் உள்ள வால்வை முன்கூட்டி எடுக்க வேண்டாம், கவனமாகக் கண்காணித்தால் போதும் என்று மருத்துவர்கள் அறிவுறுத்தினர். ஆனால் அந்த 36,000 பேரின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். குறையுள்ள ஒரு பொருளைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். இதயத்தோடு தைத்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாது. நோயாளி மயக்கத்தில் கிடக்கும்போது அவர் உடலுக்குள் வைக்கப்படும் பொருள் ஓர் அமானிதம். அதை விற்பவரும், அனுமதிப்பவரும், பொருத்துபவரும் முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டிய கடமை அந்த அமானிதத்தில் அடங்கும்.

குழாய்கள் சொன்ன பாடம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் கழுத்துப் பெருஞ்சிரையில் செருகும் குழாய், கிருமி நேராக இரத்தத்துக்குள் செல்ல வழிகொடுக்கும் வாசல். அதற்குக் குளோர்ஹெக்சிடினும் சில்வர் சல்ஃபடயசினும் கலந்த பூச்சைப் பூசி, அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் மக்கியும் குழுவினரும் 1997இல் ஆய்வை வெளியிட்டனர். குழாய் உள்ளிருந்த ஒவ்வோர் 1,000 நாட்களுக்கும் 7.6 ஆக இருந்த இரத்தத் தொற்று 1.6 ஆகக் குறைந்தது. 1999இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, மினோசைக்ளின், ரிஃபாம்பின் என்னும் இரு மருந்துகள் ஏற்றிய குழாயை முந்தைய பூச்சோடு ஒப்பிட்டது. முந்தையதில் 3.4 விழுக்காடாக இருந்த இரத்தத் தொற்று புதியதில் 0.3 விழுக்காடே.

இவை உண்மையான வெற்றிகள். அவற்றோடு ஒரு நிழலும் வந்தது. ஜப்பானில் குளோர்ஹெக்சிடின் பூசிய குழாய்களால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்டு, 1997இல் அங்கே அவற்றின் பயன்பாடு நிறுத்தப்பட்டது. பலருக்கு அரணான பூச்சு சிலருக்கு நஞ்சாகக்கூடும் என்பது தெரிந்தது.

கதீட்டர் எனப்படும் சிறுநீர்க் குழாயின் கதை வேறு. 1930களில் ஃபிரெடெரிக் ஃபோலி உருவாக்கிய, நுனியில் சிறு பலூன் கொண்ட குழாய் சிறுநீர்ப்பையிலேயே நாட்கணக்கில் தங்கக்கூடியது. அஸ்ஸஹ்ராவியின் குழாய் வந்து போகும் விருந்தாளி. இது தங்கிவிட்ட குடித்தனக்காரர். நாள் ஏற ஏறக் கிருமியும் ஏறும். வெள்ளி பூசிய குழாய்கள் இதைத் தடுக்கும் என்று நம்பி மருத்துவமனைகள் கூடுதல் விலை கொடுத்து வாங்கின. பிரிட்டனின் 24 மருத்துவமனைகளில், குறுகிய காலம் குழாய் வைக்கப்பட்ட 7,102 நோயாளிகளிடம் நடத்திய ஒப்பீட்டின் முடிவு 2012இல் வெளிவந்தது. வெள்ளி பூசாத குழாயில் தொற்று 12.6 விழுக்காடு. வெள்ளி பூசியதில் 12.5 விழுக்காடு. கொடுத்த கூடுதல் பணத்துக்குக் கிடைத்தது இந்தப் புள்ளி அளவு வேறுபாடே.

கழுவிய கையின் கணக்கு

இப்பூச்சுகளோடு வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு முயற்சி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்தது. பீட்டர் பிரோனோவோஸ்ட் என்ற மருத்துவரின் தலைமையில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஐந்து செயல்களைத் தவறாமல் செய்ய ஒப்புக்கொண்டன. கைகளைக் கழுவுதல், குழாய் செருகும்போது உடல் முழுவதையும் தூய துணியால் மூடுதல், தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைத்தல், இயன்றவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே அகற்றுதல். மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால் அவரைத் தடுத்து நிறுத்தும் உரிமை செவிலியருக்கு வழங்கப்பட்டது.

2006இல் வெளியான முடிவின்படி, குழாய் உள்ளிருந்த 1,000 நாட்களுக்கு 7.7 ஆக இருந்த இரத்தத் தொற்றின் சராசரி, ஒன்றரை ஆண்டுக்குள் 1.4 ஆக இறங்கியது. மக்கியின் பூசிய குழாய் தந்த எண்களை மீண்டும் பாருங்கள்: 7.6 இலிருந்து 1.6. நோயாளிகளும் இடங்களும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தித் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ஆயினும் விலையுயர்ந்த பூச்சு எட்டிய உயரத்தைத் தண்ணீரும் ஒழுங்கும் துணிச்சலான செவிலியரும் எட்டினார்கள் என்பது சிந்திக்கத் தக்கது. ஒரு நாளில் ஐந்து வேளை உளூச் செய்யும் சமூகத்துக்கு இது வியப்பாக இராது. ஆனால் நோயாளியின் கட்டிலருகே நாம் அதை நினைவில் வைக்கிறோமா என்பது கேள்வி.

பூச்சுகள் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இடர் பெரிதாக உள்ள இடத்தில் அவை உயிரையும் உறுப்பையும் காத்துள்ளன. ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரில், எலும்புப் புற்றுநோய்க்காகப் பெரும்பகுதி எலும்பை அகற்றி உலோகம் பொருத்தப்பட்டவர்களை ஒப்பிட்டு 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. டைட்டானிய உலோகத்தில் 17.6 விழுக்காடாக இருந்த தொற்று, வெள்ளி பூசியதில் 5.9 விழுக்காடு. 2019இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், மினோசைக்ளினும் ரிஃபாம்பினும் ஏற்றிய, சில வாரங்களில் கரைந்துவிடும் வலை உறைக்குள் பேஸ்மேக்கர் போன்ற கருவிகளை வைத்துப் பொருத்தினர். ஏறத்தாழ 7,000 பேரில் பெருந்தொற்று 1.2 இலிருந்து 0.7 விழுக்காடாகக் குறைந்தது. அந்த உறையின் அடக்கம் கவனிக்கத் தக்கது. பந்தயத்தின் தொடக்க நாட்களில் கிருமியைத் தடுத்துவிட்டு, பின் தானே கரைந்து, திசுவுக்கு வழிவிடுகிறது.

நம் வீட்டுக்கு வரும்போது

இந்த வரலாறு குடும்பங்களுக்குத் தரும் பயன் சில எளிய கேள்விகளில் உள்ளது. வீட்டில் ஒருவருக்குக் குழாய் போட்டிருந்தால், "இது இன்னும் தேவையா? எப்போது எடுக்கலாம்?" என்று ஒவ்வொரு நாளும் மரியாதையோடு கேட்கலாம். செயற்கை மூட்டோ வால்வோ வைக்கும் முன், பூசியது, பூசாதது என்று விலை வேறுபட்டால், "இவருக்கு இதனால் என்ன நன்மை? மனிதரில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா?" என்று கேட்கலாம். மருந்து ஒவ்வாமை முன்பு ஏற்பட்டிருந்தால் மறக்காமல் சொல்ல வேண்டும். நோயாளியைப் பார்க்கச் செல்பவர் ஸலாம் சொல்லிக் கை கொடுக்கும் முன்னும், குழாயையோ கட்டையோ தொட நேரும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். நலம் விசாரிப்பது நற்செயல். கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதில் சேராது. பொருத்திய இடத்தில் சிவப்பு, வீக்கம், சீழ், ஓயாத காய்ச்சல் தோன்றினால், "இவ்வளவு செலவழித்து வைத்தது, ஒன்றும் ஆகாது" என்று காத்திருக்கலாகாது.

அர்ஃபஜா (ரலி) அவர்களின் வெள்ளி மூக்கு, அக்காலத்தில் கிடைத்த நல்ல உலோகத்தில் செய்யப்பட்டது. அது அவருக்கு ஒத்துவரவில்லை. வெள்ளியின் பெருமையை எண்ணி அவரை அதோடு வாழச் சொல்லவில்லை. குறை தெரிந்தது, மாற்று சொல்லப்பட்டது, அவர் மாற்றிக்கொண்டார். 36,000 பேருக்கு வால்வைப் பொருத்துவதற்கு முன் இந்தப் பொறுமை இருந்திருந்தால், சிலருடைய நெஞ்சை இரண்டாம் முறை திறக்க வேண்டி வந்திராது.